மருந்தடிக்காத புல்தரை

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மாண்ட்ரியலுக்கு மேற்கே, ஒட்டாவா ஆற்றங்கரையில் ஹட்சன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுமார் ஐயாயிரம் பேர் வாழும் ஊர். பெரிய மனைகள், வயதான மரங்கள், வீட்டுக்கு முன்னும் பின்னும் புல்தரை. 1991 மே மாதம் அந்த ஊரின் நகரசபை 270 என்ற எண்ணுள்ள உள்ளூர்ச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. புல்தரை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் களைக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ அடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். விவசாயிகளுக்குத் தடை இல்லை. நீச்சல்குளத்து நீரைச் சுத்தம் செய்யலாம். வீட்டுக்குள் பூச்சியை ஒழிக்கலாம். மனிதருக்கு ஆபத்தான செடிகளையும் பிராணிகளையும் ஒடுக்கலாம். கோல்ஃப் மைதானங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. மற்றபடி யார் வீட்டுப் புல்லிலும் மருந்து விழக்கூடாது.

இன்று டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் அருகிலுள்ள மார்க்கமிலும் ஏஜாக்ஸிலும் வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல ஆயிரம். மே மாதம் பிறந்ததும் முன்வாசல் முழுக்க மஞ்சள் மஞ்சளாக டான்டிலியன் பூத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பதற்குள் ஏதாவது அடித்துத் தொலைக்கலாம் என்று கடைக்குப் போனால், பழைய களைக்கொல்லிகள் அங்கே இருக்காது. இரும்புச்சத்து கலந்த திரவம், வினிகர் வகை, சோளத்தூள், புல் விதைப்பை ஆகியவைதான் இருக்கும். அந்தக் கடை அலமாரியை மாற்றியமைத்தது ஹட்சன்.

இதைப் புதிய காலத்துச் சுற்றுச்சூழல்வாதிகள் கொண்டுவந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு கதை சொல்கிறது. ஹட்சன் சட்டம் வந்தபோது, களைக்கொல்லி அடித்து வீட்டுப் புல்தரையைக் காக்கும் வழக்கத்துக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. அதற்கு முன்னால் நூற்றாண்டுக்கணக்கில் புல்தரையைக் காத்தவை விதையும் கத்தியும் மனிதக் கைகளும். ஹட்சன் ஊர் பழைய தொழிலைத்தான் திரும்பக் கொண்டுவந்தது.

இங்கிலாந்தின் பிரபுக்கள் மாளிகையைச் சுற்றி வெட்டிய புல் வேண்டும் என்று ஆசைப்பட்ட காலத்தில் அதை வெட்டியது நீண்ட பிடி போட்ட வளைந்த அரிவாள். பொழுது புலர்வதற்கு முன்னால் ஆட்கள் வரிசையாக நின்று வெட்டத் தொடங்குவார்கள். காரணம் பனி. பனி இறங்கி ஈரமாக இருக்கும் புல் அரிவாளுக்கு வளையாமல் நிமிர்ந்து நிற்கும், சீராக அறுபடும். வெயில் ஏறிப் புல் காய்ந்துவிட்டால் அரிவாள் நழுவும், தரை மேடும் பள்ளமுமாகத் தெரியும். வெட்டியதைப் பெருக்கி அள்ள வேறு ஆட்கள். அதற்குப் பின்னால் களையெடுக்கும் பெண்கள் வருவார்கள். முழந்தாளிட்டு, சிறு கத்தியால் டெய்சியையும் வாழையிலை போல நரம்போடிய பிளான்டெயினையும் வேரோடு குத்தி எடுப்பார்கள். தோட்ட வேலையாட்களிலேயே மிகக் குறைந்த கூலி அவர்களுக்குத்தான். உலகம் வியந்து பார்த்த ஆங்கிலேயப் புல்தரையைக் காப்பாற்றியவர்கள் பெயர் தெரியாத இந்தப் பெண்கள். தோட்டக்கலை வரலாறு எழுதுபவர்கள் மாளிகைச் சொந்தக்காரரையும் வடிவமைத்தவரையும் மட்டும் எழுதிவிட்டு இவர்களைக் கடந்துபோவது நியாயமே இல்லை.

1830 ஆகஸ்டில் க்ளாஸ்டர்ஷயரின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது துணி ஆலைகள் நிறைந்த பகுதி. கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவி வழவழப்பாக்கும் உருளைக் கத்தியைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவின் விலங்குக் காட்சிசாலை அந்த இயந்திரத்தை முதலில் வாங்கியவர்களில் ஒன்று. 1832இல் இப்ஸ்விச் ஊரின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு அரிவாள் வரிசைக்குக் கூலி கொடுக்க முடியாத குடும்பமும் புல்தரை வைத்துக்கொள்ளலாம் என்றானது.

வெட்டுவது எளிதாகிவிட்டது. விதைப்பதில்தான் சிக்கல் நீடித்தது.

நல்ல மேய்ச்சல் நிலத்திலிருந்து புல்லை மண்ணோடு பத்தையாகப் பெயர்த்து வந்து பதிப்பது ஒரு வழி. அதற்குப் பணம் வேண்டும். பணம் இல்லாதவர்கள் வைக்கோல் பரணைக் கூட்டிப் பெருக்கிக் கிடைத்த தூசியைத் தூவினார்கள். அந்தத் தூசியில் புல் விதை இருக்கும். அதைவிட அதிகமாகக் களை விதை இருக்கும். புல்தரை போடுகிறோம் என்று நம்பித் தங்கள் கையாலேயே களையை விதைத்துக்கொண்டார்கள். எது எந்தப் புல், எது எந்த மண்ணில் நிற்கும் என்று பிரித்தறிந்து விற்கும் வியாபாரம் அப்போது வளர்ந்திருக்கவில்லை.

அந்த அறிவைத் தேடிய இடங்களில் முக்கியமானது வோபர்ன் ஆபி. பெட்ஃபோர்டு கோமகனின் அந்தத் தோட்டத்தில், வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் வழிகாட்டலில், தோட்டக்காரர் ஜார்ஜ் சிங்க்ளேர் இருநூற்றுக்கும் மேற்பட்ட சிறு பாத்திகளில் புல் வகைகளைத் தனித்தனியாகவும் கலந்தும் விதைத்துப் பார்த்தார். 1816இல் அதை நூலாக வெளியிட்டார். முதல் பதிப்பில் படங்களுக்குப் பதிலாக உலர்த்திய நிஜப் புற்களையே பக்கங்களில் ஒட்டியிருந்தார்கள். அவர் கண்டதில் ஒன்று, ஒரே வகைப் புல் போட்ட பாத்தியைவிடப் பல வகை கலந்து போட்ட பாத்தியில் செடிகள் அடர்த்தியாக நிற்கின்றன என்பது. 1859இல் வெளிவந்த டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலிலும் இந்தச் செய்தி வருகிறது. டார்வின் யாருடைய சோதனை என்று சொல்லாமல் விட்டதை, 2002இல் இரண்டு சூழலியலாளர்கள் தேடிப் பிடித்து, அது சிங்க்ளேரின் பாத்திகள்தான் என்று நிறுவினார்கள். அடர்த்தியாக நிற்கும் புல்லுக்கிடையே களை விதைக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்காது. இன்று புல் விதைப்பையின் மேல் மூன்று நான்கு வகைப் பெயர்கள் அச்சாகியிருப்பதற்குப் பின்னால் அந்தப் பழைய பாத்திகளின் பாடம் இருக்கிறது.

அமெரிக்காவில் கதை சுத்தமான விதையிலிருந்து தொடங்கியது. உள்நாட்டுப் போரில் பங்கேற்றுத் திரும்பிய ஆர்லாண்டோ ஸ்காட், 1868இல் ஒஹையோ மாநிலத்தின் மேரிஸ்வில் ஊரில் விதை வியாபாரம் ஆரம்பித்தார். களை விதை கலக்காத விதை என்பதே அவர் கடையின் பெருமை. முதலில் விவசாயிகளுக்கு விற்றார்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டுப் புல்தரைக்கும் விற்கலானார்கள். விதையில் கலப்படம் அந்தக் காலத்தில் பெரிய பிரச்சினை. கனடா 1905இலேயே விதைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்து, விதையோடு களை கலந்து விற்பதற்குக் கடிவாளம் போட்டது. அமெரிக்காவில் 1939இன் கூட்டாட்சி விதைச் சட்டம் பையின் மேல் களை விதையின் விகிதத்தை அச்சிடக் கட்டாயப்படுத்தியது. களைக்கு எதிரான இந்தச் சட்டங்களில் விஷம் எங்கும் இல்லை. விதையைச் சுத்தம் செய்வதுதான் இருந்தது.

அந்த விதைப்பைகளில் அநேகமாகத் தவறாமல் இருந்த ஒன்று வெள்ளைக் க்ளோவர். மூன்று சிற்றிலை, நடுவில் வெளிறிய பிறை போன்ற தழும்பு, தரையோடு தரையாக ஓடும் தண்டு, தேனீக்கள் மொய்க்கும் வெள்ளைப் பூ. அவரை, துவரை, சணப்பை எல்லாம் சேர்ந்த பயறுக் குடும்பத்தின் செடி. அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். பக்கத்திலிருக்கும் புல்லுக்கு அதுதான் உரம். கோடையில் கென்டக்கி புளூகிராஸ் தண்ணீரில்லாமல் பழுப்பாகித் தூங்கிவிடும் நாட்களிலும் க்ளோவர் பச்சையாக நிற்கும். இடைவெளியை மூடி வேறு களை வராமல் பார்த்துக்கொள்ளும். 1930களில் புளூகிராஸும் க்ளோவரும் கலந்த தரையைத்தான் நல்ல புல்தரை என்றார்கள். கென்டக்கி என்ற பெயரைச் சுமக்கும் அந்தப் புல்லும், க்ளோவரும், இன்று எல்லோரும் திட்டும் டான்டிலியனும் ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்து இறங்கியவைதான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டான்டிலியனைக் கீரையாகவும் மருந்தாகவும் அவர்கள் வேண்டியே வளர்த்தார்கள்.

வேதிப்பொருள் அறவே இல்லாத காலம் அது என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் மணலோடு அம்மோனியம் சல்பேட்டும் இரும்பு சல்பேட்டும் கலந்து தூவும் வழக்கம் இருந்தது. அகன்ற இலையில் அது படிந்து கருக்கிவிடும், ஒடுங்கி நிமிர்ந்த புல்லிதழில் தங்காமல் உதிர்ந்துவிடும். 1920களில் அமெரிக்கக் கோல்ஃப் மைதானங்களில், மண்ணைப் புளிப்பாக்கினால் களை வராது என்று நம்பி ஆண்டுக்கணக்கில் அம்மோனியம் சல்பேட் போட்டார்கள். கடைசியில் களையோடு சேர்ந்து புல்லும் நலிந்தது, சுண்ணாம்பைக் கொட்டி மண்ணைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. ஒன்றைக் கொல்லப் போட்டது மண்ணையே கெடுக்கும் என்பதற்கு அது ஆரம்பகால எச்சரிக்கை. யாரும் அதை நெடுநாள் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. எதிரியின் பயிரை அழிக்கும் வழி தேடிப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ரகசிய ஆய்வுகள் நடந்தன. செடியின் வளர்ச்சியைத் தூண்டும் ஆக்சின் என்ற சுரப்பைப் போல நடிக்கும் ஒரு வேதிப்பொருள் அவர்கள் கைக்கு வந்தது. பெயர் 2,4-டி. அகன்ற இலைச் செடியின் மேல் பட்டால் அது கட்டுக்கடங்காமல் வளர்ந்து, தண்டு முறுக்கி, வெடித்துச் சாகும். புல் இனத்துக்கு ஒன்றும் ஆகாது. 1944இல் அமெரிக்க வேளாண் துறையின் மார்த், மிட்செல் என்ற இருவர், புளூகிராஸ் தரையில் இதை அடித்தால் டான்டிலியன் மட்டும் செத்து, புல் அப்படியே நிற்கிறது என்று அறிவித்தார்கள். மறு ஆண்டே அது கடைக்கு வந்துவிட்டது.

முழந்தாளிட்டுச் செய்த வேலையை இனி நின்றுகொண்டே முடிக்கலாம். மக்கள் அதைக் கொண்டாடியதில் வியப்பில்லை. போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1947 முதல் நியூயார்க்குக்குப் பக்கத்தில் லெவிட்டவுன் எழுந்தது. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றுக்கும் புல்தரை. புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும் என்று வீட்டு ஒப்பந்தமே கட்டளையிட்டது. இப்படிப் புறநகர்கள் பெருகப் பெருகப் புல்தரை தனி வியாபாரமாக வளர்ந்தது.

இதில் ஒரே ஒரு தொல்லை இருந்தது. 2,4-டி டான்டிலியனைக் கொல்லும்போது க்ளோவரையும் சேர்த்துக் கொன்றது. இரண்டும் அகன்ற இலைச் செடிகள், மருந்துக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே க்ளோவர் விதைப்பையிலிருந்து வெளியேறியது. கொஞ்ச காலத்தில் களைப் பட்டியலில் ஏறியது. நேற்றுவரை காசு கொடுத்து வாங்கித் தூவிய செடியை இன்று காசு கொடுத்து ஒழித்தார்கள். அது இலவசமாகக் கொடுத்துவந்த நைட்ரஜனை மூட்டையில் வாங்கிப் போட்டார்கள். களைக்கொல்லியும் உரமும் கலந்தே ஒரு மூட்டையாக விற்பனைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் புல்தரை வரலாற்றில் இதைவிட வருத்தமான திருப்பம் கிடையாது. க்ளோவர் செய்த குற்றம் என்று ஒன்றும் இல்லை.

1962இல் ரேச்சல் கார்சன் ‘மௌன வசந்தம்’ எழுதியபோது பறவைகளைப் பற்றி எழுதியதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே நூலில் புறநகர்ப் புல்தரையைப் பற்றியும் எழுதினார். க்ராப்கிராஸ் என்ற ஓராண்டுக் களையை ஒழிக்க மூட்டை மூட்டையாக மருந்து கொட்டும் வழக்கத்தைக் கண்டித்தார். அந்தக் களை நோயின் அறிகுறிதான், தரை நலமாக இருந்து புல் நெருங்கி வளர்ந்தால் அதற்கு இடமே இராது என்பது அவர் வாதம். புல்தரைத் தொழில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1960களின் கடைசியில் வீடு தேடி வந்து தொட்டி லாரியிலிருந்து மருந்தடிக்கும் நிறுவனங்கள் முளைத்தன. 1980களில் வட அமெரிக்கப் புறநகரின் வசந்தகால வாசனையே அந்த மருந்துதான்.

ஹட்சன் ஊரில் ஜூன் இர்வின் என்ற தோல் மருத்துவர் இருந்தார். தன்னிடம் வரும் நோயாளிகளின் தோல் கோளாறுகளுக்கும் அவர்கள் வீட்டுப் புல்லில் அடிக்கும் மருந்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். 1985 முதல் நகரசபைக் கூட்டங்களுக்குச் சென்று கடிதம் வாசித்தார், கேள்வி கேட்டார். அடுத்த கூட்டத்துக்கும் போனார், அதற்கடுத்த கூட்டத்துக்கும் போனார். ஆறு ஆண்டுகள் விடாமல் கேட்ட பிறகு 1991இல் சட்டம் வந்தது. ஊருக்குள் பெரிய கிளர்ச்சியோ ஊர்வலமோ இல்லாமல், ஒரு மருத்துவரின் பிடிவாதத்திலிருந்து இந்த வரலாறு பிறந்தது என்பதுதான் இதில் மனத்தைத் தொடும் செய்தி.

1992இல் கெம்லான், ஸ்ப்ரேடெக் என்ற இரண்டு நிறுவனங்கள் மேல் சட்டத்தை மீறியதாக ஊர் வழக்குப் போட்டது. மத்திய அரசு பதிவு செய்து அனுமதித்த மருந்தை ஒரு சிற்றூர் தடுக்க அதிகாரம் ஏது என்று அவை எதிர்வாதம் செய்தன. 1993இல் கீழ்நீதிமன்றத்தில் ஊர் வென்றது. 1998இல் மேல்முறையீட்டிலும் வென்றது. கடைசியில் வழக்கு கனடா உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 2001 ஜூன் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஊரின் சட்டம் செல்லும் என்பதில் நீதிபதிகள் அனைவரும் ஒன்றுபட்டார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி க்ளேர் லெரூ-டுபே, தீங்கு முழுமையாக நிரூபிக்கப்படும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாகச் செயல்படலாம் என்ற சர்வதேசக் கொள்கையையும் எடுத்துக்காட்டினார். மக்களின் நலத்தைக் காக்கும் முடிவை மக்களுக்கு மிக அருகில் இருக்கும் அரசே எடுக்கலாம் என்ற கருத்தும் அதில் இருந்தது.

கதவு திறந்ததும் மற்றவர்கள் நுழைந்தார்கள். கியூபெக் மாகாணம் 2003இல் பூச்சிக்கொல்லி மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்து 2006இல் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. டொராண்டோ 2003இல் தன் உள்ளூர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. அதையும் எதிர்த்து மருந்து நிறுவனங்களின் சங்கம் வழக்காடித் தோற்றது. 2009 ஏப்ரல் 22, புவி தினத்தன்று, டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் முழுவதும் தடை அமலானது. களைக்கொல்லி தயாரிக்கும் டவ் நிறுவனம் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் கியூபெக் தடையை எதிர்த்தது. 2011இல் சமரசம் ஏற்பட்டது. குறிப்புப்படி பயன்படுத்தினால் 2,4-டியால் ஏற்கத்தகாத ஆபத்து இல்லை என்று கியூபெக் எழுதிக்கொடுத்தது. ஆனால் தடையை விலக்கவில்லை. அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. கனடாவின் சுகாதாரத் துறை அந்த மருந்தை அனுமதித்தே வைத்திருக்கிறது, 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. வியட்நாம் போரில் தூவிய ஏஜென்ட் ஆரஞ்சில் அது ஒரு பாதி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கலவையின் கொடிய டையாக்சின் நஞ்சு மறுபாதியான 2,4,5-டியிலிருந்து வந்தது. ஒன்டாரியோவின் தடைக்கு முன்னும் பின்னும் நகர்ப்புற ஓடைகளின் நீரைச் சோதித்தபோது, முக்கியமான மூன்று புல்தரைக் களைக்கொல்லிகளின் அளவும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அழகுக்காக அடித்த மருந்து ஓடை நீரில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

மருந்து போனதும் மக்கள் பழைய முறைகளைத் தேடினார்கள். இரும்பு திரும்பி வந்தது. இன்று ஒன்டாரியோக் கடைகளில் கிடைக்கும் இரும்புத் திரவம், அந்தக் கால இங்கிலாந்து மணற்கலவையின் நேர் வாரிசு. அகன்ற இலை அளவுக்கு மீறி இரும்பை உறிஞ்சிச் சில மணி நேரத்தில் கருத்துவிடும். டான்டிலியனின் ஆணிவேர் சில சமயம் பிழைத்து மறுபடி துளிர்க்கும் என்பதால் இரண்டாம் முறையும் அடிக்க நேரிடும்.

சோளத்தூளின் கதை சுவையானது. 1980களின் நடுவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிக் கிறிஸ்டியன்ஸ் என்ற பேராசிரியர் புல்லைத் தாக்கும் பூஞ்சை ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். பூஞ்சையைச் சோள மாவில் வளர்த்து மண்ணில் கலந்தார். பூஞ்சை பிடிக்கவில்லை. ஆனால் மாவு போட்ட இடத்தில் தூவிய புல் விதை வேர்விடவும் இல்லை. தேடிப் போனதில், சோளத்திலிருந்து மாவுச்சத்தைப் பிரித்த பின் மிஞ்சும் குளூட்டன் என்ற புரதத்தூள், முளைக்கும் விதையின் வேரை வளரவிடாமல் தடுக்கிறது என்று தெரிந்தது. ஹட்சன் சட்டம் வந்த அதே 1991இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதில் பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன், புல்லுக்கு அதுவே உரம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அது களை விதையையும் புல் விதையையும் ஒன்றாகவே பார்க்கும். வசந்தத்தில் சோளத்தூள் தூவிய கையோடு புல் விதையையும் போட்டுவிட்டு, விதை முளைக்கவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே வேலையின் உயிர்நாடி திரும்பவும் விதைப்புதான். பனி உருகியதும் தெருவோரத்தில், குளிர்காலத்தில் சாலையில் தூவிய உப்பு பட்டு எரிந்த பட்டை தெரியும். வேறு சில இடங்களில் புல்லைப் பிடித்து இழுத்தால் பாய் சுருட்டுவது போலக் கையோடு வந்துவிடும். அடியில் வெள்ளையாக, வளைந்து கிடக்கும் வண்டுப் புழுக்கள் வேரைத் தின்று முடித்திருக்கும். ஐரோப்பிய சேஃபர், ஜப்பானிய வண்டு என்று இரண்டு வகை அங்கே பிரபலம். அவற்றைத் தின்ன ரக்கூனும் ஸ்கங்கும் இரவில் வந்து தரையைக் கிளறிப் போட்டுவிடும். அதற்கு மருந்தாக இன்று விற்பது கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள். தண்ணீரில் கலந்து, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ, வெயில் தாழ்ந்த பிறகு ஈர மண்ணில் ஊற்ற வேண்டும். அவை வண்டுப் புழுவுக்குள் புகுந்து அதைக் கொன்றுவிடும்.

விதைப்புக்கும் அதே பருவம்தான் உகந்தது. மண்ணில் கோடையின் சூடு இன்னும் இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், ஓராண்டுக் களைகள் வயதாகிக்கொண்டிருக்கும். க்ராப்கிராஸ் முதல் உறைபனியில் செத்துவிடும். அது விட்டுப்போகும் வெற்றிடத்தை அடுத்த வசந்தத்துக்குள் புல் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அதன் விதையே மறுபடி பிடித்துக்கொள்ளும். காய்ந்த புல்லை வாரி எடுத்து, மேல் மண்ணைக் கீறி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் மக்கிய உரம் பரப்பி, விதையைத் தூவி, மண்ணோடு ஒட்டும்படி மிதித்துவிட வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரம் மேல் மண் காயவிடாமல் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ரைகிராஸ் ஒரு வாரத்தில் பச்சை ஊசிகளாக எட்டிப் பார்க்கும். ஃபெஸ்க்யூ அடுத்து வரும், நிழலிலும் தாக்குப்பிடிக்கும். புளூகிராஸ் வர மூன்று வாரம்கூட ஆகும், ஆனால் மண்ணுக்கடியில் தண்டு விட்டுப் படர்ந்து ஓட்டைகளை அடைப்பது அதுதான். வளர்ந்த பின் ஏழெட்டு சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டாமல் விட்டால் போதும். உயர்ந்த புல்லின் நிழலில் க்ராப்கிராஸ் விதை முளைப்பது கடினம். வெட்டிய துணுக்கைத் தரையிலேயே விட்டால் அது உரம்.

க்ளோவரும் வீட்டுக்கு வந்துவிட்டது. தடை வந்த பிறகு அதன் விதை தனியாகவும் புல்லோடு கலந்தும் விற்பனையாகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் விதைப்பையில் இருந்த அதே வெள்ளைக் க்ளோவர்.

கனடாவின் தமிழர்களுக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. மண் முற்றத்தைக் கூட்டிச் சாணி தெளித்து, ஒரு புல் முளைத்தாலும் செதுக்கி எறிந்த வீடுகளிலிருந்து போனவர்கள், புல்லை வளர்த்துக் காக்கும் ஊரில் வீட்டுக்காரர்கள் ஆனார்கள். களை என்று அங்குள்ளவர்கள் பிடுங்கி எறியும் சிலவற்றை இவர்களுக்கு நன்றாகத் தெரியும். புல் மெலிந்த இடத்தில் கோடையில் தடித்த சிவந்த தண்டோடு படரும் பர்ஸ்லேன், நம் சமையலறையின் பருப்புக்கீரை. சக்கரவர்த்திக் கீரையும் அங்கே வேலியோரக் களைதான். மருந்து விழாத தரை என்பதால் இவற்றைப் பறித்துக் கழுவிக் கடைந்து சாப்பிடலாம். நாய் நடமாட்டமும் சாலை உப்பும் இல்லாத இடமாகப் பார்த்துப் பறிக்க வேண்டும், அவ்வளவே.

டொராண்டோவிலோ மாண்ட்ரியலிலோ இதைப் படிப்பவர்கள் இந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் முன்வாசலை ஒருமுறை குனிந்து பாருங்கள். சொட்டையாகத் தெரியும் இடங்களைக் கீறிவிட்டு, இரண்டு மூன்று வகைப் புல்லும் கொஞ்சம் க்ளோவரும் கலந்த விதை வாங்கிப் போடுங்கள். இந்த ஆண்டு வசந்தத்தில் சோளத்தூள் தூவியிருந்தால் குறைந்தது ஆறு வாரம் கடந்துவிட்டதா என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். டான்டிலியனுக்கு நீளமான கத்தி ஒன்று போதும். மழை பெய்த மறுநாள் வேரோடு வந்துவிடும்.